வனிதாவின் பிரசவத்துக்கு நடந்து போனேன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆவடிக்கு எப்படிப் போவது என்று யாரைக் கேட்டாலும் பூந்தமல்லி போய் வண்டி மாறச் சொல்வார்கள். நடந்து எப்படிப் போவது என்று கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். எங்கள் குடியிருப்பின் காவலாளி அப்படித்தான் பார்த்தார். "பஸ் ஸ்ட்ரைக்கா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தோளில் ஒரு பை, கையில் குடை, காலில் புது ஷூ. பைக்குள் எலுமிச்சை சாதமும் மாற்றுத்துணியும் மாத்திரைகளும். இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் குடையை இரண்டு முறை கை மாற்றிவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மழைக்காலத்தில் சென்னைக்குள் ஒரு வேலையாகப் போய்விட்டு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தது. கடந்துவிடலாம் என்று ஓட்டுநர் நினைத்தார். பாதியில் வண்டி நின்றுபோனது. தண்ணீர் முதலில் பாதத்தை நனைத்தது, பிறகு முழங்காலுக்கு வந்தது, பிறகு மடிக்கு வந்தது. கதவு திறக்கவில்லை. ஓட்டுநர் எப்படியோ பின்கண்ணாடியை உடைத்து என்னையும் இழுத்துக்கொண்டு வெளியேறினார். இரண்டு பேருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், அது நகரத் தொடங்கியதும் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். காரில்தான் என்றில்லை. பஸ், ரயில், ஆட்டோ எல்லாவற்றிலும் அப்படித்தான். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்லச் சரியாகும் என்றார். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்று நான் கேட்கவில்லை.

நல்லவேளை, நான் கணக்கு எழுதும் கம்பெனி வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. காய்கறிக் கடை, மருந்துக்கடை, ஆபீஸ், வீடு என்று வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டேன். நான் தனி ஆள். எங்கே காணோம் என்று கேட்க யாரும் இல்லை, என் தங்கை வனிதாவைத் தவிர.

வனிதா ஆவடியில் இருக்கிறாள். அவள் கணவர் செந்திலுக்கு அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. திருமணமாகிப் பல வருடங்கள் குழந்தை இல்லாமல், எத்தனையோ ஊசி போட்டு, இரண்டு முறை கலைந்து, இப்போதுதான் ஒன்று நிலைத்திருந்தது. எங்கள் அம்மா இல்லை. தென்காசியில் இருக்கும் அப்பாவால் படுக்கையை விட்டு எழ முடியாது. வனிதாவின் வளைகாப்புக்கே நான் போகவில்லை. வளையல் போட்ட கையோடு அவள்தான் காரில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆபரேஷன் என்று முடிவானதும் போன் செய்தாள்.

"நீ வந்தாத்தான் நான் தியேட்டருக்குள்ள போவேன். சொல்லிட்டேன்."

"வந்துருவேன்டீ."

"எப்படி வருவே?"

"வந்துருவேன்னா வந்துருவேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் மாலையும் தெருமுனையில் நிற்கும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டுநர் என்ஜினைக் கிளப்பியதும் இறங்கிவிடுவேன். கடைசியில் அவர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். புதன்கிழமை விடிந்ததும் நடக்கத் தொடங்கினேன். முதல் நாள் பூந்தமல்லி, அங்கே தங்கல், மறுநாள் மதியத்துக்குள் ஆவடி. நேரத்தில் நிறைய மிச்சம் வைத்துத்தான் திட்டம் போட்டிருந்தேன்.

நெடுஞ்சாலை நடப்பவர்களுக்காகப் போட்டதல்ல என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஓரத்தில் நடைபாதை கிடையாது. இருக்கும் மண்ணிலும் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் கருவேலமுள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்தன. கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் அதன் காற்று என்னை உள்ளே இழுத்துப் பிறகு வெளியே தள்ளியது. ஒவ்வொரு முறையும் நின்று, குடையை இறுக்கிப் பிடித்து, மூச்சை எண்ணினேன். வண்டிக்குப் பயந்து நடக்க வந்தவள் வண்டிகளுக்கு நடுவிலேயே இரண்டு நாள் இருக்கவேண்டும் என்பதை யோசித்திருக்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டை தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண்மணி என் ஷூவைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"வேண்டுதலாம்மா?"

இல்லை என்று சொன்னால் பிறகு எல்லாவற்றையும் சொல்லவேண்டும். ஆமாம் என்றேன்.

"திருவேற்காடா?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

"என் மருமவளுக்கு எட்டாம் மாசம். அதுக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லும்மா." டீயோடு ஒரு பன்னையும் வைத்தார். பன்னை விழுங்க முடியவில்லை. பொய்க்குக் கிடைத்த பன் என்பதால் மட்டுமல்ல. மற்றவர்கள் எல்லோரும் கவலையை ஏதாவதொரு சாமியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க, நான் மட்டும் வனிதாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்துக்கொண்டு வருகிறேனே என்று இருந்தது.

எதிர் பெஞ்சில் இரண்டு வடக்கத்திப் பையன்கள், இரவு ஷிப்ட் முடித்தவர்கள். ஒருவன் வீடியோ காலில் அவன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். எனக்குக் கொஞ்சம் ஹிந்தி தெரியும். "இங்கே ஒரு அக்கா கோயிலுக்கு நடந்தே போகிறாள் அம்மா, தனியாக" என்றான். "தனியாகவா? வீட்டு ஆண்கள் எங்கே?" என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே போனை என் பக்கம் திருப்பினான். முக்காடு போட்ட ஒரு பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். எங்கேயோ இருக்கும் ஒருத்தியிடமும் பொய் சொன்னதாயிற்று.

தண்டலத்துக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். தனியாக நடக்கும் ஆணுக்கு இந்தச் சாலை எவ்வளவு தூரமோ, பெண்ணுக்கு அதைவிடக் கூடுதல். பம்பில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த ஊழியர்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இவனுங்ககிட்ட கேட்டா இப்டிதான்கா" என்றாள். அன்றைய பயணத்தில் அதைவிடப் பெரிய உதவி வேறு எதுவும் இல்லை.

வெயில் ஏறியது. புது ஷூ வலது குதிகாலைக் கடித்தது. செம்பரம்பாக்கத்தை நெருங்கும்போது ஏரிக்கரை தூரத்தில் தெரிந்தது. கரைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பார்க்காமல் நடந்தேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு பைக் மெதுவாக வருவதைக் கவனித்தேன். என்னைத் தாண்டிப் போகவில்லை. நான் நின்றால் அது நின்றது. ஹெல்மெட் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் வந்தது.

"எங்க போவணும் மேடம்? ஏறுங்க, உடறேன்."

"வேண்டாம்."

"சும்மா ஏறுங்க. வெயில்ல நடந்துகினு."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

அவன் போகவில்லை. பைக் என் வேகத்துக்கே உருண்டு வந்தது. முன்னால் பார்த்தால் கடை எதுவும் இல்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு மனிதர் இல்லை. லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. கையில் போன் இருந்தும் யாரைக் கூப்பிடுவது என்று தோன்றவில்லை. வனிதாவைக் கூப்பிடக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. ஓடினால் பயந்துவிட்டேன் என்று தெரிந்துவிடும் என்பதால் ஓடாமல், ஆனால் கிட்டத்தட்ட ஓட்டமாக நடந்தேன். வளைவு திரும்பியதும் ஒரு வேப்பமரத்தடியில் இளநீர் வண்டி. விற்றுக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் போய் நின்று, அவள் கையையே பிடித்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நின்றிருந்த பைக்கைப் பார்த்தாள்.

"டேய், இன்னாடா லுக்கு? எளனி வேணுமா, இல்ல வெட்டிக்கினு கீற கத்தி வேணுமா?"

"ஒண்ணுமில்லக்கா, லிப்டு..."

"உங்காத்தாளுக்குக் குடு லிப்டு. போடாங்!"

பைக் போய்விட்டது. அவன் நல்லவனா கெட்டவனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெயிலில் நடப்பவளுக்கு உதவத்தான் வந்தானோ என்னவோ. அப்போது அதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை. இளநீரை இரண்டு கையாலும் பிடித்தேன், அப்படியும் பாதி சேலையில் ஊற்றிக்கொண்டேன். அந்தப் பெண் இன்னொன்றை வெட்டி நீட்டினாள்.

"தனியா போவாத. நசரத்பேட்ட வரிக்கும் இந்தப் பக்கமா பஸ் ஸ்டாப்பு, கடை எல்லாம் கீது. அத்தயே புடிச்சிக்கினு போ."

அப்படியே செய்தேன். கடையிலிருந்து கடைக்கு, நிழற்குடையிலிருந்து நிழற்குடைக்கு. எலுமிச்சை சாதத்தை ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பஸ்கள் வந்து நிற்கும்போதெல்லாம் நடத்துநர் என்னை எதிர்பார்த்துப் பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

பூந்தமல்லிக்குள் நுழைந்தபோது மாலையாகிவிட்டிருந்தது. தலைக்கு மேல் மெட்ரோவின் தூண்கள், கீழே ஆட்டோக்களின் சண்டை, எங்கிருந்தோ பிரியாணி வாசனை. தென்காசியில் ஆறுமணிக்கு மேல் கடைத்தெருவில் நடந்தால் நாலு பேராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

லாட்ஜில் ஆறுதல் கிடைக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் ஆதார் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சிங்கிள் லேடிக்கு ரூம் தரதில்லம்மா."

"ஏன்?"

"ஓனர் சொல்லிக்கீறார். எங்க போறீங்க?"

"ஆவடி."

"ஆவடியா? தோ கீது. இப்ப பஸ் ஏறினா சாப்பாட்டுக்குப் போய்டலாமே." அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்.

அடுத்த லாட்ஜிலும் அதே பதில். தெரு விளக்குகள் எரியத் தொடங்கின. ஒரு மருந்துக்கடையில் குதிகாலுக்கு பிளாஸ்திரி வாங்கும்போது அழுகை வந்துவிட்டது. கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண் பதறிவிட்டாள். பெயர் முத்துமாரி, விருதுநகர்ப் பக்கம். தங்க இடம் இல்லை என்று மட்டும் சொன்னேன். கடை மூடும்வரை என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, பிறகு தன் லேடீஸ் ஹாஸ்டலுக்குக் கூட்டிப் போனாள். அவள் அறைத்தோழி ஊருக்குப் போயிருந்ததால் ஒரு கட்டில் காலி. வார்டனிடம் "எங்க பெரியம்மா பொண்ணு" என்றாள். அன்றைக்குப் பொய் சொன்னது நான் மட்டும் இல்லை.

இட்லியும் வடகறியும் வாங்கி வந்து கட்டிலில் வைத்துச் சாப்பிட்டோம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுரங்கப்பாதையிலிருந்து பைக்கில் வந்தவன் வரை. முடித்ததும் அவள் கேட்டாள்:

"நடந்தே போயிருவீகளாக்கா?"

"போயிருவேன்னு நினைக்கேன்."

"நெனைக்கேன்னு சொல்லாதீக. அங்க ஒருத்தி வயித்தத் தூக்கிட்டுக் காத்திருக்கா."

காலையில் தன்னுடைய பழைய ரப்பர் செருப்பைக் கொடுத்து, என் ஷூவைப் பைக்குள் வைத்தாள்.

கரையான்சாவடி தாண்டி ஆவடி சாலையில் திரும்பி, சென்னீர்குப்பத்தை நெருங்கும்போது போன் வந்தது. செந்தில்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன் தம்பி. மதியத்துக்குள்ள வந்துருவேன்."

"பிரஷர் ஏறிடுச்சுக்கா. சாயங்காலம் வரைக்கும் வெயிட் பண்ண முடியாதுங்கறாங்க. இப்பவே ரெடி பண்றாங்க. அவ உங்களக் கேட்டுக்கிட்டே இருக்கா." அவர் குரல் உடைந்திருந்தது. "எதுல வர்றீங்க?"

போனை வைத்துவிட்டேன். நான் நடக்கும் வேகத்தில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. சாலையில் இறங்கிக் கையை நீட்டினேன். ஒரு ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்தேன். ஆவடி ஆஸ்பத்திரி என்றேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வனிதா, வனிதா என்று சொல்லிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. மடியில் தண்ணீர் ஏறியது. அது தண்ணீர் இல்லை என்று தெரியும். தெரிந்து பயனில்லை. காது அடைத்தது, விரல் நுனிகள் மரத்தன. நான் கத்தியது எனக்கே கேட்டது. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, முழங்கால் சிராய்த்து, மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாமா இது, காலங்காத்தால! எதனா ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?" ஆட்டோக்காரர் கோபத்தோடு போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை.

எதிரே டீக்கடை ஓரமாக ஒரு மீன்பாடி வண்டி நின்றிருந்தது. முன்னால் பலகை, பின்னால் சைக்கிள் சீட்டு, அதற்கு ஒரு பழைய மொபெட் என்ஜின் பொருத்தியிருந்தார்கள். பலகை முழுக்க அடுக்கடுக்காகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். வண்டிக்காரர் டீயைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"இன்னாமா, ஆட்டோ ஒத்துக்கலியா?"

"எனக்கு வண்டின்னாலே பயம்ங்க. மூச்சு நின்னுரும். தங்கச்சிக்கு ஆபரேஷன், ஆவடியில. குழந்தை."

"அட, அப்ப ஏறு. பருத்திப்பட்டுலதான் சேர் எறக்கணும்."

"சொன்னேனே, மூச்சு முட்டும்."

"இதுல இன்னா முட்டும்? செவுரு கீதா, கதவு கீதா, கூர கீதா? எல்லாம் காத்துதான். புடிக்கலயா, குதிச்சிக்க. இது ஓடுற வேகத்துல எறும்பு குதிச்சாகூட அடிபடாது."

அவர் பெயர் ஏகாம்பரம். நாற்காலி அடுக்குகளைப் பின்னால் தள்ளிக் கயிற்றால் இறுக்கி, பலகையின் முன் ஓரத்தில் இடம் பண்ணினார். காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னார். என் முன்னால் எதுவும் இல்லை. சாலை, வெயில், ஒரு நாய். என்ஜின் முக்கி முனகிக் கிளம்பியது. ஒரு காலைத் தரையில் இழுத்துக்கொண்டே போனேன். செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டவரை மூச்சு வந்தது. அந்தச் சத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"பேச்சு குடுத்துகினே வா. கம்முனு இருந்தா பயம் ஜாஸ்தியாவும்" என்று பின்னாலிருந்து கத்தினார். பேசியதெல்லாம் அவர்தான். நாற்காலிகள் ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு. காலைப் பந்தி ஆரம்பித்திருக்கும். நேற்றே சேர் போட்டிருக்கவேண்டும். என்ஜின் மக்கர் பண்ணிவிட்டது. அவர் மச்சான் ஒரு ஃபிராடு. ரோட்டில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பைக்கில் போன இரண்டு பையன்கள் "மகாராணி வராங்கோ" என்று கத்தினார்கள். நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

காடுவெட்டியில் கூவத்தின் மேல் பாலம் வந்தது. கீழே கொஞ்சம்தான் தண்ணீர். ஆனால் தண்ணீர்.

"நிறுத்துங்க. நிறுத்துங்க!"

இறங்கி, கைப்பிடிச் சுவரைத் தொடாமல், எதிரே மட்டும் பார்த்துப் பாலத்தை நடந்து கடந்தேன். ஏகாம்பரம் அந்தப் பக்கம் போய் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நீ வந்து சேரதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு ஏறி உட்கார்ந்தேன்.

பருத்திப்பட்டில் ஏரியைத் தாண்டி ஒரு தெருவுக்குள் வண்டி திரும்பியது. பந்தலுக்கு வெளியே உறவினர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா, பெண்ணின் தாயாக இருக்கவேண்டும், ஏகாம்பரத்தைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"யோவ், மனுஷனாய்யா நீ? வந்தவங்க எல்லாம் காலு கடுக்க நிக்கறாங்க!"

"நான் இன்னாக்கா பண்றது? இந்தம்மாவோட தங்கச்சிக்கு ஆவடில பிரசவம். ஆபரேஷனாம். பாவமா கீதேன்னு ஏத்திக்கினு வந்தேன்." தாமதத்துக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்த திருப்தி அவர் குரலில் இருந்தது.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். சிராய்த்த முழங்காலில் ரத்தம் சேலையில் ஊறியிருந்ததைப் பார்த்தார்.

"அப்ப இங்க இன்னாத்துக்குய்யா நிறுத்தின? சேரு எங்க ஓடிடப்போவுது? மொதல்ல அவங்களக் கொண்டுபோய் உட்டுட்டு வா."

"பந்தி..."

"ஜமுக்காளத்துல ஒக்காந்து துண்ணுவாங்க. நீ போய்யா!"

நாற்காலிகளோடு நாங்கள் திரும்பினோம். இந்த முறை ஏகாம்பரம் என்ஜினை முழுக்க முறுக்கினார். காலைத் தரையில் இழுக்க முடியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, எதிர்க்காற்றை விழுங்கினேன். பயம் குறையவே இல்லை. பயத்தோடேயே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆவடி சிக்னல் தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டினார்.

"அதோ போலீஸ் நிக்கறான். இன்ஜின் போட்ட வண்டி, புடிச்சா உடமாட்டான். இதுக்கு மேல நீ ஓடிக்க."

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. ஓடினேன். முத்துமாரியின் செருப்பு ஒன்று அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மருத்துவமனையில் லிப்டைப் பார்க்காமலே படியேறினேன். தியேட்டர் வாசலில் செந்தில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்கக்கா."

"எப்போ?"

"கொஞ்ச நேரம் ஆச்சு."

"என்னக் கேட்டாளா?"

"கேட்டா. ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சுக்கிட்டு நகர விடல." அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "கீழ வந்துட்டாங்க, செருப்பு கழட்டுறாங்கன்னு சொன்னேன். உடனே கையை எடுத்துட்டா."

தரையில் உட்கார்ந்தேன். செந்திலும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. அதற்குப் பின்னால் பச்சை உடுப்புகள் போய் வந்தன. ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து, ரத்தப்பை ஒன்றை வாங்கிக்கொண்டு, எங்களிடம் எதுவும் சொல்லாமல் உள்ளே போனார். நடந்த இரண்டு நாளிலும் இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. சாலையில் இருந்தவரை என் பயத்துக்குச் செய்ய ஏதோ ஒரு வேலை இருந்தது. இங்கே உட்கார்ந்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. செந்தில் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

பிறகு அதே நர்ஸ் வந்தார். "பொம்பளப் புள்ள" என்றார். செந்தில் "அவ?" என்றார். "நல்லா இருக்காங்க. பிளீடிங் கொஞ்சம் இருந்துச்சு, நின்னுடுச்சு." செந்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். குழந்தையை என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். அவள் கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்தது.

வனிதாவைப் படுக்கைக்குக் கொண்டுவந்தபோது அரை மயக்கம். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"நீ கீழ வந்துட்டேன்னு சொன்னாரா, அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே பயமில்லக்கா."

செந்தில் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாடீ" என்றேன்.

வனிதா வீட்டுக்குப் போகும் நாளில் செந்தில் ஒரு கார் ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் வீடு ஆவடியை ஒட்டிய அண்ணனூரில். பின்சீட்டில் வனிதாவும் குழந்தையும். பக்கத்தில் இடம் இருந்தது. கதவு திறந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பிறகு நிமிர்ந்தேன். வனிதா அந்த இடத்தில் ஃபிளாஸ்க்கையும் துணிப்பையையும் எடுத்து வைத்துவிட்டாள்.

"நீங்க போங்க, நான் பின்னாலேயே வர்றேன்" என்றேன்.

கார் போன இரண்டாம் நிமிடமே நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டது. குழாய் பதிக்கத் தோண்டியிருந்ததால் ஒரு பக்கப் பாதை அடைபட்டு, பஸ்ஸும் லாரியும் வேனும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறையாக நின்றன. நான் நடந்தே போய் அவர்களைப் பிடித்துவிட்டேன். வனிதா கண்ணாடியை இறக்கினாள்.

"என்னக்கா, எங்களுக்கு முன்னாடியே போய்ருவே போலிருக்கே."

குழந்தை விழித்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் கைவைத்துக் குனிந்து அவளைப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். கார் ஓரடி நகர்ந்தால் நானும் ஓரடி நகர்ந்தேன். இப்படியே நெடுநேரம் போனோம். பிறகு முன்னால் நெரிசல் சட்டென்று விலகி, சாலை வெறுமையாகத் தெரிந்தது. ஓட்டுநர் கியர் மாற்றினார். நான் ஜன்னலிலிருந்து கையை எடுத்தேன்.

"அண்ணா, வேகமாப் போகாதீங்க" என்றாள் வனிதா. "எங்க அக்கா வராங்க."

"பின்னாடி ஹாரன் அடிக்கறான் மேடம்."

"அடிக்கட்டும். அக்கா, நீ கையை எடுக்காத."

நான் மறுபடியும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். காலியான சாலையில் கார் நடைவேகத்தில் போனது. பின்னால் ஒரு பஸ் விடாமல் அலறியது, அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். செந்தில் முன்சீட்டிலிருந்து கையை வெளியே நீட்டி, எல்லோரையும் பொறுக்கச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டே வந்தார். அண்ணனூர் திருப்பம் வரும்வரை அவர் அந்தக் கையை உள்ளே இழுக்கவில்லை.